தலையணையோடு நிற்கும் ராணி யார் என்று கேட்ட தங்கைக்கு

கிளாட்டென்,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்

அன்புத் தங்கை ஹர்யாத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும், மாப்பிள்ளை புர்னோமோவும், பிள்ளைகளும், வாசலில் எப்போதும் கோபமாகவே நிற்கும் உங்கள் வாத்தும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் இன்னும் பாங்காக்கிலேயே இருக்கிறது. மற்ற உறுப்புகள் எல்லாம் விமானத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

நேற்று தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணா, நாலு நாள் போட்டோவும் பாத்தோம். மொத மூணு நாள்ல அண்ணி இருக்காங்க. கடைசி நாள் போட்டோவுல யாரோ ஒரு சயாம் ராணி நிக்கிறா. தலையில கிரீடம், கக்கத்துல தலையணை. அது யாரு? அண்ணி எங்க?" பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரலும் கேட்டது. "தலையணை வாங்கினா ராணி இலவசமான்னு மச்சான்கிட்ட கேளு!" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி போனைப் பிடுங்கி, "அத அவரு வெவரமா எழுதுவாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்கு ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

முதலில் ஓர் உதாரணம். எங்கள் எதிர்வீட்டு தர்மோயோ மாலையில் நம் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். குடித்திருக்க மாட்டார். மறுபடி கேட்டால், "ஐயோ, எதுக்கு வீண் சிரமம்?" என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும், கண் சமையலறைப் பக்கமே இருக்கும். மூன்றாவது தடவை கேட்டால், "நீங்க இவ்ளோ சொல்லும்போது எப்படி மறுக்கிறது?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொரித்த வாழைப்பழத்தில் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதல் தடவையே அவர் சரி என்றால், அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரு பேசும். இரண்டு தடவையோடு நாம் நிறுத்திக்கொண்டால் நம்மைக் கஞ்சன் என்று பேசும். இந்த ஒழுங்கில்தான் நீயும் நானும் வளர்ந்தோம், சம்பந்தம் பேசினோம், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தோம். ஜாவாவில் இது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கேட்கிறவருக்கும் கணக்குத் தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். இந்த ஒழுங்கை நான் கைலி சட்டையோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்து பாங்காக்குக்குக் கொண்டு போனேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தப் பயணத்தில் உன் அண்ணிக்கு ஒரே ஓர் ஆசைதான். எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டித் தாள் தொங்குமே, நினைவிருக்கிறதா? வருஷம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவள் கழற்றவிடாத தாள். ஆற்றங்கரையில் ஒரு பெரிய கோபுரம். பாங்காக்கின் வாட் அருண் கோயில். கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகள் பதித்துப் பூப்பூவாக வேலை செய்திருக்கும். நான் பாத்திரம் கழுவப் போய் ஒவ்வொரு தட்டாக உடைக்கும்போதெல்லாம் அவள் திட்ட மாட்டாள். அந்தத் தாளைக் காட்டி, "போடுங்க, போடுங்க, பாங்காக்குல இன்னொரு கோபுரம் கட்டிடலாம்" என்பாள். எங்கள் மகள் ரெட்னோ தன் சம்பளத்தில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த அன்று, உன் அண்ணி சமையலறைக்குப் போய் அந்தத் தாளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தாள். எனக்குப் புரிந்தது. புருஷனுக்குப் புரிந்தால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் நம் ஒழுங்குதானே.

முதல் மூன்று நாளும் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவோடு, ஒரு பெண் தூக்கிப் பிடித்த சின்ன மஞ்சள் கொடிக்குப் பின்னால் வாத்துக் கூட்டம்போல் நடந்தோம். அந்தக் கோபுரத்தையும் காட்டினார்கள். எப்படி? பஸ் ஆற்றங்கரையில் போகும்போது கொடிக்காரப் பெண், "அதோ, அக்கரையில பாருங்க" என்றாள். உன் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். சரியாக அந்த நேரத்தில் ஒரு லாரி நடுவே வந்தது. லாரி போனபோது கோபுரமும் போயிருந்தது. அவள் பார்த்ததெல்லாம் லாரி நிறைய முட்டைக்கோஸ். பிறகு பஸ் எங்களை ஒரு ரத்தினக்கல் கடைக்குக் கொண்டு போய் மதியம் வரை உட்கார வைத்தது.

ஆகவே கடைசி நாளைத்தான் நம்பியிருந்தோம். குழு முந்தின நாளே கிளம்பிவிட்டது, எங்களுக்கு விமானம் இரவில். ரெட்னோவோடு செமாராங்கில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த பென்ஸ்ரீ என்ற பெண் இப்போது ஊர் திரும்பி பாங்காக்கில்தான் இருக்கிறாள். நம் பாஷை நன்றாகப் பேசுவாள். எங்களுக்காக லீவு போட்டுவிட்டுக் காரோடு காலையிலேயே விடுதி வாசலில் வந்து நின்றாள், தங்கமான பெண். கையில் இரண்டு பொட்டலம். "அப்பா, அம்மா, முஸ்லிம் கடையா தேடிப் போயி கோழிச்சோறு வாங்கிட்டு வந்தேன். சாப்பிடுறீங்களா?" வாசனை மூக்கைத் துளைத்தது. நாங்கள் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? "இப்பத்தாம்மா சாப்பிட்டோம், வயிறு நெறஞ்சிருக்கு!" சொல்லிவிட்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். பென்ஸ்ரீ, "அப்படியா, சரிப்பா" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, இரண்டு பொட்டலத்தையும் விடுதிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் முதல் தடவையே வாங்கிக்கொண்டார். கார் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன், எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "அப்பா, இன்னிக்கு முழுக்க நான் ஒங்க ஆளு. வாட் அருண் போலாமா? படகுல அக்கரைக்குப் போயிப் பாக்கலாம்." பின்னிருக்கையில் உன் அண்ணியின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. நான்... ஹர்யாத்தி, இந்த நாக்கை என்ன செய்வது? ஒரு பெண் நமக்காக லீவு போட்டிருக்கிறாள், பெட்ரோல் போட்டிருக்கிறாள், அவளை வெயிலில் அலையவும் வைப்பதா? முதல் தடவையே 'ஆகட்டும்' என்று தலையாட்டுவதா? "அதெல்லாம் எதுக்கும்மா, அவ்ளோ தூரம்! நீ ஒனக்கு எது வசதியோ அங்க கூட்டிட்டுப் போ" என்றேன். அவள் திரும்பி என் நரைத்த தலையைப் பார்த்தாள், முழங்காலை நான் தடவிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். "ஆமாப்பா, வெயிலு ஜாஸ்தி. குளுகுளுன்னு உக்கார்ற மாதிரி ஒரு எடம் இருக்கு" என்று காரைத் திருப்பினாள். பின்னிருக்கையிலிருந்து என் முதுகில் ஒரு குத்து விழுந்தது. குடைக்காம்பு என்று நினைக்கிறேன்.

குளுகுளு இடம் என்று அவள் கூட்டிப் போனது அவளுடைய அத்தை மகன் மேலாளராக இருக்கும் ஒரு மெத்தைக் கடை. மாடி மாடியாக ரப்பர் மெத்தை, ரப்பர் தலையணை. படுத்துப் பார்க்கலாம், காசு இல்லை. வயதானவர்களுக்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்று அந்தப் பெண் நினைத்ததில் தப்பே இல்லை. உன் அண்ணி ஒரு மெத்தையில் நேராகப் படுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெத்தையில் நான். "ஆயுசுல மொத தடவையா வெளிநாடு வந்து," என்றாள் உத்தரத்தைப் பார்த்தபடியே, "படுத்திருக்கேன்." "இன்னும் ரெண்டு தடவ கேப்பா, பொறு" என்றேன். "எது, தூங்குறீங்களான்னா?" என்றாள்.

அப்போதுதான் அந்த விற்பனைப் பெண் வந்தாள். ஒரு தலையணையை என் கையில் கொடுத்து ஏதோ கேட்டாள். பென்ஸ்ரீ மொழிபெயர்த்தாள். "வாங்கிக்கிறீங்களான்னு கேக்குறாப்பா." வேண்டாம் என்றேன். விற்பனைப் பெண் அழகாகச் சிரித்துத் தலையணையை அமுக்கிக் காட்டி மறுபடி கேட்டாள். வேண்டவே வேண்டாம், எதற்குச் சிரமம் என்றேன். அவள் இன்னும் அழகாகச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பி, மூன்றாவது தடவை கேட்டாள். நான் திகைத்துப் போனேன். இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து என்னை மூன்று தடவை கேட்ட ஒரே ஜீவன்! மூன்றாவது தடவையும் மறுத்தால் அது அவமரியாதை இல்லையா? அவள் நம் ஒழுங்குப்படி நடக்கும்போது நான் அதை மீறுவதா? "நீங்க இவ்ளோ சொல்லும்போது..." என்று ஆரம்பித்தேன். இரண்டு தலையணை கட்டிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றும் நல்ல வளர்ந்த ஆட்டின் பருமன். உன் அண்ணி மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே இதே கதைதான். "மாம்பழமும் சோறும் சாப்பிடலாமாப்பா?" "வேண்டாம்மா." அவள் அந்தக் கடையைத் தாண்டினாள். "ஏசி அதிகமா இருக்கா, கொறைக்கட்டுமா?" "இல்லல்ல, சுகமா இருக்கு." பல் கிட்டித்தது. "வழியில பாத்ரூம் எங்கயாவது நிறுத்தட்டுமா?" "அவசரமில்லம்மா." இந்தக் கடைசிப் பதிலை நான் சொன்ன உடனே கார் ஒரு போக்குவரத்து நெரிசலுக்குள் நுழைந்தது. அதன் பிறகு வெளியே வரவே இல்லை. முன்னால் கார், பின்னால் கார், பக்கத்தில் ஒரு மூன்று சக்கர வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் "சார், ஒண்ணுக்கு" என்று விரல் நீட்டிய குழந்தைகளிடம் "கொஞ்சம் பொறு" என்று சொன்ன ஒவ்வொரு நாளையும் நினைத்து வருந்தினேன். மடியில் தலையணை வேறு. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விமான நிலையத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

கார் ஆற்றங்கரைச் சாலைக்கு ஊர்ந்து வந்தது. ஒரு சந்தின் முனையில் நின்றது. சந்துக்கு அந்தப் பக்கம் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்... அது நின்றது. நாட்காட்டியில் இருப்பதைவிடப் பெரிதாக, மஞ்சள் வெயிலில், எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றும் இல்லாமல். இந்தத் தடவை லாரி எதுவும் வரவில்லை. பென்ஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். "அதோ இருக்குப்பா. இப்பக்கூட எறங்கி ஓடினா பாத்துட்டு வந்துடலாம். ஆனா ஒங்களுக்குக் களைப்பா இருக்கும். வேணாம் இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக 'ஆமாம்' என்று சொல்லத்தான் திறந்தேன், ஆனால் பழகின நாக்கு, "அதெல்லாம் எது..." என்று தொடங்கிவிட்டது. பின்னிருக்கையிலிருந்து ஒரு தலையணை என் முகத்தில் வந்து அமர்ந்தது.

"வேணும்!" என்றாள் உன் அண்ணி.

ஹர்யாத்தி, அவளைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் ஆகிறது. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அவள் அப்பா மூன்று தடவை கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்தாள். பென்ஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். "அம்மா?" "வேணும்மா! எனக்கு வேணும்! மொத நாள்லேருந்து வேணும்! இவருக்கு பாத்ரூமும் வேணும்!"

பிறகு நடந்ததை மூச்சுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அப்படித்தான் நடந்தது. பென்ஸ்ரீ காரை ஒரு கோயில் மதிலோரம் ஏற்றி நிறுத்தினாள், நாங்கள் இறங்கி ஓடினோம், பெட்டிகளைக் காரிலேயே விட்டவர்கள் தலையணைகளை மட்டும் ஏனோ கையிலேயே வைத்திருந்தோம், படகுத்துறையில் எனக்கு வேண்டிய இடம் முதலில் கிடைத்தது (அல்ஹம்துலில்லாஹ்), படகு கிளம்பும் நேரத்தில் உன் அண்ணி இடுப்பில் இறுக்கிச் சுற்றிய கைலித்துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவினாள், நான் தலையணையை முதலில் எறிந்துவிட்டு அதன்மேல் விழுந்தேன், அங்கேதான் முழங்கால் பிசகியது, ஆனால் தலையணை இல்லாவிட்டால் மூக்கும் பிசகியிருக்கும். அக்கரை வாசலில் இருந்த காவலர் எங்களையும் தலையணைகளையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். பென்ஸ்ரீ சிரித்துக்கொண்டே சொன்னாள். "ராத்திரி இங்கேயே தங்கப் போறீங்களான்னு கேக்குறாருப்பா."

உன் அண்ணி அதற்குள் உள்ளே போயிருந்தாள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய் ஒரு பூவைத் தொட்டாள். தட்டின் விளிம்புதான், வளைவு அப்படியே தெரிகிறது, நீலப் பூ போட்டது. "ஏங்க," என்றாள், "கல்யாணம் ஆன வாரம் ஒடச்சீங்களே, எங்கம்மா குடுத்த நீலப்பூத் தட்டு. அதே பூ." எனக்கு அந்தத் தட்டு நினைவில்லை, எத்தனையோ உடைத்திருக்கிறேன். ஆனாலும் "ஆமா, அதேதான்" என்றேன். "அன்னிக்கு ஒங்கமேல அவ்ளோ கோவம். போகட்டும், வீணாப் போகல" என்றாள். அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே நின்றாள். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

நல்ல இடம், இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவள் வாய் திறந்துவிட்டதே! 'வேணும்' என்ற சொல்லின் ருசி தெரிந்துவிட்டது. "அம்மா, தண்ணி?" "வேணும்." "தேங்காய் ஐஸ்கிரீம்?" "வேணும், ரெண்டு." ஐஸ்கிரீம் சாப்பிடும்போது நான் பென்ஸ்ரீயிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, நீ நம்ம ஊர்ல இருந்தவதானே. ஒரு தடவ வேணாம்னா மறுபடி கேக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?" அவள் ஐஸ்கிரீமைக் கீழே வைத்துவிட்டாள். "தெரியாமலா? செமாராங்குல நான் நெஜமாவே வேணாம்னு சொல்லுவேன்ப்பா, ஒருத்தரும் நம்ப மாட்டாங்க! கேட்டுக் கேட்டு ஊட்டி விட்டாங்க. ஊருக்கு வந்து எறங்குறப்ப எங்கம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், என்கிட்ட ஒருத்தர் வேணாம்னா நான் ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டேன், அவங்களாவது தப்பிக்கட்டும்னு!" நம் மரியாதை அவளைக் குண்டாக்கியது, அவள் மரியாதை என்னைப் பட்டினி போட்டது. இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லை.

இதற்குள் கோயில் பக்கத்தில் சயாம் உடை வாடகைக்குக் கொடுக்கும் பெண் ஒருத்தி உன் அண்ணியிடம் வந்து சைகையில் ஏதோ கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று தெரிந்துகொள்ளக்கூட இல்லை, உன் அண்ணி 'வேணும்' என்று சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்க்கிறேன், தலைத்துணிமேல் தங்கக் கிரீடம், தோளில் ஜரிகைத் துணி, இடுப்பில் ஒட்டியாணம். தலையணையைக் கீழே வைக்கச் சொன்னால், "தரை அழுக்கு" என்று மறுத்துவிட்டாள். பென்ஸ்ரீ படம் எடுத்தாள். உன் கேள்விக்குப் பதில் அதுதான், தங்கையே. அந்த ராணி உன் அண்ணி. இலவசமாக வந்தது ராணியும் இல்லை, தலையணையும் இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்.

விமான நிலையத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் மனதுக்குள் பாடம் படித்துக்கொண்டு வந்தேன். இனி ஒரு தடவை கேட்டால் போதும், உடனே சரி சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழையும் இடத்தில் பென்ஸ்ரீ கேட்டாள். "ப்ளேன்ல குளிரும்ப்பா, என் கோட்டு வேணுமா?" பாடத்தைப் பரீட்சித்துப் பார்க்க நல்ல சந்தர்ப்பம். "குடும்மா!" என்றேன். அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அவள் அதைச் சும்மா மரியாதைக்குத்தான் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும். கழற்றிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அவள் அலுவலகச் சீருடைக் கோட்டு, பையில் அவள் படம் போட்ட அடையாள அட்டை. ரெட்னோ மூலம் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டோம். "அவசரமே இல்லப்பா" என்று அவள் போனில் சொல்கிறாள். அது நிஜமாகவே அவசரமில்லையா, அல்லது முதல் தடவையா என்று தெரியாமல் நான் இரவெல்லாம் அந்த ரப்பர் தலையணையில் புரள்கிறேன். தலையணை மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்களும் அடுத்த மாதம் பினாங்குக்குப் போவதாகச் சொன்னாய். ஊர் சுற்றும் கடைசி நாளில் ஆசைப்பட்டது ஒன்று இருந்தால் காலையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடு. இந்த வீட்டில் சட்டம் மாறிவிட்டது. இனிமேல் யார் கேட்டாலும் ஒரே பதில்தான், வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். உன் அண்ணி அந்த நாட்காட்டித் தாளைக் கழற்றி, பின்னால் இதையே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் திருப்பி மாட்டிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. படிப்பில் முன்னேறவும், தட்டு உடைக்காமல் இருக்கவும், உடைத்தால் துண்டுகளைப் பத்திரப்படுத்தவும் சொல். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். வாத்துக்கும்.

உன் அன்பு அண்ணன்,
வீர்யோசுமார்தோ

பின்குறிப்பு: நேற்று போனை எடுத்ததுமே, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பலாமூசுக் குழம்பு செய்து எடுத்து வருவதாகச் சொன்னாய், நான் வேண்டாம் என்றேன். இப்போதும் சொல்கிறேன், வேண்டாம். எதற்கு வீண் சிரமம், மகெலாங்கிலிருந்து பஸ்ஸில் பானையைத் தூக்கிக்கொண்டு? எங்களுக்கு இங்கே எல்லாம் இருக்கிறது. வயிறும் நிறைந்திருக்கிறது. முட்டை போட்டுச் செய்வாயா என்று உன் அண்ணி கேட்கச் சொல்கிறாள், அதை நான் எழுதப் போவதில்லை. போனில் சொன்னது ஒன்று, இந்தக் கடிதத்தில் சொன்னது இரண்டு. நீ இன்னொரு தடவை கேட்டுப் பார்.